விளையாட்டுப் பாடம்: பந்தை எடுத்துக் கொடுத்தது குற்றமா?



நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து பறித்து, இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு தாயார் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு லயத்தை விட்டு வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நம் தோட்டங்களில் பலருக்கு இப்படி வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு சொந்தம் உண்டு. அந்த அண்ணனுடைய பேத்தி அங்கே ஒரு பாடசாலையில் கூடைப்பந்தாட்டம் ஆடுகிறாள். லீவுக்குப் போன இடத்தில் இந்த அம்மாவும் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறோம்:

"நம்ம பக்கத்துப் புள்ள பந்தைக் கூடையில போட்டுச்சுங்க. பந்து வலைக்குள்ளாற விழுந்திச்சு. எங்க பேத்தி அதை எடுத்து அடுத்த பக்கத்துப் புள்ள கையில மரியாதையாக் குடுத்திச்சு. அதுக்குப் போயி விசில் ஊதி, அவங்களுக்கு ஒரு எறி குடுத்துட்டாங்க. கடைசியில ஒரே ஒரு பாயிண்டுல தோத்துப் போச்சு. பந்தை எடுத்துக் குடுத்தது குத்தமாங்க? புள்ள ரெண்டு நாளா சோறு திங்கல."

அம்மா, உங்கள் பேத்தி கெட்டது எதுவும் நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் விசில் ஊதிய மத்தியஸ்தரையும் உடனே குறை சொல்ல முடியாது. விசாரித்துப் பார்த்ததில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. அதே ஆட்டத்தில், முதல் கால்பகுதியில், அதே அணியின் வேறொரு பிள்ளை இதே காரியத்தைச் செய்திருக்கிறாள். அப்போது மத்தியஸ்தர் எச்சரிக்கை மட்டும் கொடுத்தார். பேத்தி செய்தது மூன்றாம் கால்பகுதியில். முழு விஷயமும் இந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது.

கூடைப்பந்தாட்டம் பத்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக ஆடப்படுகிறது. ஒரு அணி கூடை போட்டதும் ஆட்டம் நிற்பதில்லை. கூடை வாங்கிய அணியின் பிள்ளை ஒருத்தி பந்தை எடுத்துக்கொண்டு கூடைக்குப் பின்னால் உள்ள கோட்டுக்கு வெளியே போய், அங்கிருந்து மைதானத்துக்குள் எறிய வேண்டும். இதை உள்ளெறிதல் என்கிறோம். இந்த நேரத்தில் மேசைக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான்காம் பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும் மேலதிக நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும் மட்டும்தான் கூடை விழுந்தவுடன் கடிகாரத்தை நிறுத்துவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சிவப்பு அணி கூடை போட்டது. நீல அணிப் பிள்ளை சட்டென்று பந்தை எடுத்து எறிந்தால், சிவப்பு அணி திரும்பி ஓடித் தன் கூடையைக் காக்குமுன் நீல அணி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். நீல அணிக்குக் கிடைக்கும் நியாயமான சந்தர்ப்பம் அது. அந்த நேரத்தில் சிவப்பு அணிப் பிள்ளை பந்தைப் பிடித்து, இரண்டு செக்கன் கையில் வைத்திருந்து, பிறகு பணிவாகக் கொடுத்தால் என்ன நடக்கும்? அவளுடைய ஆட்கள் நால்வரும் திரும்பிப் போய் இடம் பிடித்துவிடுவார்கள். கடிகாரத்திலும் இரண்டு செக்கன் போய்விடும். அவள் மனதில் மரியாதைதான் இருந்தது, சரி. லாபம் போனது அவளுடைய அணிக்கு. மனதுக்குள் இருப்பதை மத்தியஸ்தர் எப்படிப் பார்ப்பார்?

ஆகவேதான் சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிநூல் இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. உதைபந்தாட்டப் பீபாவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது 1932ல் ஜெனீவாவில் தொடங்கிய வேறு அமைப்பு. இலங்கையில் ஆடுவதும் இதன் விதிப்படிதான். கூடைக்குள்ளால் வந்த பந்தை வேண்டுமென்றே தொட்டு ஆட்டத்தைத் தாமதப்படுத்தினாலோ, உள்ளெறிதலையோ தனி எறியையோ உடனே எடுக்க விடாமல் தடுத்தாலோ, அது டெக்னிக்கல் பவுல். முதல் தடவை எச்சரிக்கை. அடுத்த தடவை தண்டனை.

பேத்தி அகப்பட்டுக்கொண்ட இடம் இதற்கடுத்து வருகிறது. எச்சரிக்கை ஒரு ஆளுக்கு மட்டும் கொடுக்கப்படுவதல்ல, முழு அணிக்கும் கொடுக்கப்படுவது. ஒரு பிள்ளை வாங்கிய எச்சரிக்கை அந்த ஆட்டம் முடியும்வரை அணியில் எல்லோருக்கும், வெளியே குந்தியிருப்பவர்களுக்கும்கூட, சேரும். "எனக்கு யாரும் சொல்லலையே" என்று இரண்டாவது பிள்ளை சொல்ல முடியாது. அதற்காகத்தான் எச்சரிக்கையை அணியின் பயிற்றுவிப்பாளருக்கும் மத்தியஸ்தர் அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அறிவித்தாரா, இல்லையா? அறிவித்திருந்தால், பயிற்றுவிப்பாளர் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னாரா? அந்த ஆட்டத்தில் இதில் ஏதோ ஒன்று நடக்கவில்லை. நமது அபிப்பிராயத்தில் தவறு அங்கேதான் இருக்கிறது, பேத்தியிடம் இல்லை. அம்மா, இதை அவளிடம் சொல்லுங்கள்.

'வேண்டுமென்றே' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கூடைக்குக் கீழே நிற்கும் பிள்ளையின் தோளில் பந்து தானாக விழுந்து உருண்டால் அது தாமதப்படுத்தல் ஆகாது. பந்து அருகிலேயே கிடக்கிறது, எதிரணி உடனே எடுத்து எறிந்துவிட்டது என்றால் நல்ல மத்தியஸ்தர் விசிலை வாயில் வைக்கவே மாட்டார். பந்தைத் தட்டி அப்பால் அனுப்புவது, பிடித்து வைத்திருப்பது, மத்தியஸ்தரிடம் எறிகிற மாதிரி வேறு பக்கம் எறிவது எல்லாம் வேறு கணக்கு.

தண்டனை என்னவென்றால், எதிரணிக்கு ஒரு தனி எறி. பிள்ளைகள் இதைப் பிரீ த்ரோ என்பார்கள். அந்த அணியில் யார் நன்றாக எறிவாரோ அவரே எறியலாம். எறிந்து முடிந்த பின், ஆட்டம் நின்ற இடத்தில் யாருக்குப் பந்து உரியதோ அவர்களுக்கே கொடுத்துத் தொடங்குவார்கள். பழைய விதிநூலைப் படித்த அண்ணன்மார் "ரெண்டு எறி" என்று வாதாடுவார்கள். அது அந்தக் காலம். டெக்னிக்கல் பவுல் அந்தப் பிள்ளையின் ஐந்து பவுல் கணக்கிலும் சேரும். ஒரே ஆட்டத்தில் ஒரு பிள்ளை இரண்டு டெக்னிக்கல் பவுல் வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த கெடுபிடி என்று நினைக்கவேண்டாம். கூடைப்பந்தாட்டம் பிறந்தபோதே கூடப்பிறந்த விதி இது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மண்டபத்துக்குள்ளேயே ஆடக்கூடிய ஒரு விளையாட்டை மாணவர்களுக்காக உண்டாக்கினார். பீச் பழம் போடும் கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் ஆணி அடித்து மாட்டினார். கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஏறித்தான் பந்தை எடுக்கவேண்டும். இப்படிப்பட்ட ஆட்டத்திலும்கூட, அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, வெளியே போன பந்தை உள்ளே எறிய 5 செக்கன்தான் என்கிறது. மிஞ்சினால் பந்து மற்றவருக்கு. ஒரு பக்கத்தார் தொடர்ந்து தாமதப்படுத்தினால் அவர்கள்மேல் பவுல். ஏறி எடுக்க ஆன நேரத்தை அவர் பொறுத்துக்கொண்டார், வேண்டுமென்று இழுத்தடிப்பதைப் பொறுக்கவில்லை.

அந்த 5 செக்கன் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பந்து எறிகிறவரின் கைக்கு வந்ததிலிருந்து கணக்கு. மத்தியஸ்தர் கையை வீசி வீசி எண்ணுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிந்தினால் அதே இடத்தில் பந்து எதிரணிக்கு. பக்கக்கோட்டிலிருந்து எறிகிறவர் ஒரு மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் நகரக்கூடாது. பின்னால் எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் கூடை விழுந்த பிறகு எறிகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கோட்டுக்குப் பின்னால் இங்குமங்கும் ஓடலாம், கோட்டுக்கு வெளியே நிற்கும் தன் அணிப் பிள்ளைக்குக் கொடுக்கவும் செய்யலாம். 5 செக்கன் மட்டும் அப்படியே. தனி எறி எறிகிறவருக்கும் 5 செக்கன்தான். மூச்சு வாங்க, நெற்றி துடைக்க, சாமி கும்பிட எல்லாவற்றுக்கும் சேர்த்து.

வலைப்பந்தாட்டம் ஆடும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது தாராளமாகத் தோன்றும். அங்கே பந்து கையில் வந்தால் 3 செக்கன்தான்.

கடைசி 2 நிமிடத்தில் இன்னொரு விஷயம். எறிகிறவருக்கு எதிரே காவல் நிற்கும் பிள்ளை கோட்டைத் தாண்டிக் கையை நீட்டி மறிக்கக்கூடாது. மற்ற நேரத்தில் இதற்கும் முதலில் எச்சரிக்கை உண்டு. நான்காம் பகுதியின் கடைசி 2 நிமிடத்திலும், மேலதிக நேரத்தின் கடைசி 2 நிமிடத்திலும், மத்தியஸ்தர் பந்தைக் கொடுக்குமுன் கோட்டைக் காட்டி ஒரு சைகை செய்வார். அந்தச் சைகையே எச்சரிக்கை. அதற்குப் பிறகும் கை கோட்டைத் தாண்டினால் நேரே டெக்னிக்கல் பவுல். நம் பாடசாலை மைதானங்களில் கோட்டுக்குப் பின்னால் உடனே மதிலோ கானோ இருக்கும். வெளியே 2 மீற்றர் வெற்றிடம் இல்லாவிட்டால், எறிகிறவரை விட்டு எல்லோரும் 1 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். இதைப் பல பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

டைம் அவுட் எடுத்த பிறகு பிந்தி வருவது அடுத்த தலைவலி. ஒரு டைம் அவுட் 1 நிமிடம். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று எடுக்கலாம். 50 செக்கன் ஆனதும் மேசையிலிருந்து ஒலி எழுப்புவார்கள். அதன் அர்த்தம் 'பேச்சை முடி, எழும்பு' என்பது. ஆனால் நம் பயிற்றுவிப்பாளர்களுக்கு அந்த ஒலிக்குப் பிறகுதான் பேச்சே சூடு பிடிக்கும்! நிமிடம் கழிந்தும் அணி மைதானத்துக்கு வராவிட்டால் மத்தியஸ்தர் எச்சரிப்பார். பிறகும் வராவிட்டால் இன்னொரு டைம் அவுட்டை அந்த அணியின் கணக்கில் எழுதுவார்கள். கணக்கில் மிச்சம் இல்லையென்றால் பயிற்றுவிப்பாளருக்கு டெக்னிக்கல் பவுல். அரைநேர இடைவேளை 15 நிமிடம். அதற்குப் பிந்தினாலும் ஒரு டைம் அவுட்டை அந்த அணியின் கணக்கில் எழுதுவார்கள். ஐந்து பவுல் வாங்கி வெளியேறும் பிள்ளைக்குப் பதிலாக 30 செக்கனுக்குள் ஆள் இறங்க வேண்டும். அடிபட்ட பிள்ளை ஏறக்குறைய 15 செக்கனில் தானாக எழும்பி ஆட முடியாவிட்டாலோ, யாராவது உள்ளே வந்து மருந்து போட்டாலோ, அவளை மாற்ற வேண்டும்.

அமெரிக்காவின் உயர்தரப் பாடசாலை விதிநூலில் இதற்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. டைம் அவுட் முடிந்தும் எறிய வேண்டிய அணி வரவில்லையா? மத்தியஸ்தர் பந்தை எறியவேண்டிய இடத்தில் தரையில் வைத்துவிட்டு 5 செக்கன் எண்ணத் தொடங்கிவிடுவார். வந்து எடுத்தால் எடு, இல்லாவிட்டால் பந்து மற்றவருக்கு. விவாதமே இல்லை. நமக்கு இந்த முறை நல்லதாகவே படுகிறது. ஆனால் இது பீபா ஆட்டத்துக்குரிய முறை அல்ல. ரெலிவிஷனில் அமெரிக்க ஆட்டம் பார்த்துவிட்டு வந்து மத்தியஸ்தரோடு வாதாடவேண்டாம்.

ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்குவதிலும் ஆபத்து உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதி ஆட்டம் அதற்குச் சாட்சி. அமெரிக்கா, சோவியத் ஒன்றியத்தோடு மோதியது. 3 செக்கன் மிச்சம் இருக்கையில் டக் கொலின்ஸ் இரண்டு தனி எறிகளைப் போட்டு அமெரிக்காவை 50க்கு 49 என முன்னுக்குக் கொண்டுவந்தார். சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. 1 செக்கன் இருக்கையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. நாங்கள் டைம் அவுட் கேட்டோம், மேசை கொடுக்கவில்லை என்று சோவியத் பயிற்றுவிப்பாளர்கள் சத்தம் போட்டார்கள். அப்போது பீபாவின் செயலாளர் நாயகமாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், கடிகாரத்தை 3 செக்கனுக்குத் திருப்பச் சொன்னார். மேசையில் இருந்தவர் கடிகாரத்தைத் திருப்பி முடிக்குமுன்னரே மத்தியஸ்தர் பந்தைக் கொடுத்துவிட்டார். பந்து எறியப்பட்டது, சங்கு ஊதியது, அமெரிக்கர்கள் வென்றுவிட்டதாகத் துள்ளிக் குதித்தார்கள். இல்லை, கடிகாரம் சரியாக இருக்கவில்லை, மறுபடியும் 3 செக்கன் என்று தீர்ப்பு வந்தது. மூன்றாம் தடவை இவான் எதெஷ்கோ மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட்டார். 51க்கு 50. அமெரிக்காவின் முறைப்பாடு மூன்றுக்கு இரண்டு வாக்கில் தள்ளப்பட்டது. அந்த வெள்ளிப் பதக்கங்களை அமெரிக்க அணி வாங்கவில்லை.

யார் சரி, யார் பிழை என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: மேசை ஆயத்தமா என்று பாராமல் மத்தியஸ்தர் பந்தைக் கொடுக்கக்கூடாது. பாடசாலைப் போட்டிகளில் மேசையில் குந்துவது பெரும்பாலும் ஒரு மாணவனோ இளம் ஆசிரியரோதான். அவரிடம் கையில் பிடிக்கும் கடிகாரம் ஒன்றும் தாள் ஒன்றும் இருக்கும். அவரை அவசரப்படுத்திவிட்டுப் பிறகு கணக்குப் பிழை என்று கத்திப் பயனில்லை.

இனி, பெற்றோர் அதிகம் கவனிக்கவேண்டிய விஷயம். ஆட்டம் தொடங்குவதற்கே பிந்துவது.

குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேர் ஆட ஆயத்தமாக மைதானத்தில் இல்லையென்றால், ஆடாமலே தோல்வி. 20க்கு 0 என்று எழுதுவார்கள். புள்ளி அட்டவணையைப் பாருங்கள். வென்ற அணிக்கு 2 புள்ளி. ஆடித் தோற்ற அணிக்கு 1 புள்ளி. வராத அணிக்கு 0. பெரட்டுக்கு வந்து மலைக்குப் போய் மழையில் திரும்பியவருக்கு அரைப்பேராவது விழும், பெரட்டுக்கே வராதவருக்கு எதைப் போடுவது? அதே கணக்குத்தான். நூறு புள்ளியால் தோற்றாலும் போய் ஆடித் தோற்பது லாபம். வலய மட்டத்திலிருந்து மாகாண மட்டத்துக்குப் போகும் வழியில் இந்த ஒரு புள்ளி ஒரு அணியைத் தூக்கியும் விடும், தள்ளியும் விடும்.

வன்னியில் ஒரு காலத்தில் இந்த 15 நிமிடத்துக்கு அர்த்தமே இருக்கவில்லை. வவுனியா நகருக்குள் தங்கவும் நடமாடவும் பாஸ் எடுக்க வேண்டியிருந்த வருடங்கள் அவை. மலையகத்திலிருந்து போய்க் குடியேறிய நம் சனமும் அந்தப் பாஸ் வரிசையில் நின்றவர்கள்தான். ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு பஸ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எந்த விதிநூலால் சொல்ல முடியும்? இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி வவுனியா வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பஸ் பழுதாவது எல்லா ஊருக்கும் பொது. தோட்டத்து ரோட்டுக்கு அது இன்னும் பொது.

அப்படி நடந்தால் செய்யவேண்டியது, வழியிலிருந்தே போட்டி நடத்துபவருக்குப் போன் போட்டுச் சொல்வது. மைதானத்தில் 15 நிமிடம் எண்ணுவது மத்தியஸ்தரின் வேலை. ஆட்டத்தைப் பிந்திப் போடலாமா, வேறு நாளுக்கு மாற்றலாமா என்று யோசிக்கக்கூடியவர்கள் போட்டி நடத்துபவர்கள். ஆட்டம் குறித்த நேரத்துக்கு முன்பே அவர்கள் காதில் விஷயம் விழுந்திருந்தால் பேச இடமுண்டு. வந்து இறங்கியபின் அழுதால் இடம் குறைவு. 12 பேர் கொண்ட அணி இரண்டு வாகனத்தில் வருகிறதென்றால், முதல் வாகனத்தில் ஐந்து ஆட்டக்காரராவது இருக்கட்டும். ஐந்து பேர் உடுப்பு மாற்றி நின்றால் ஆட்டத்தைத் தொடங்கலாம். பெயர் பட்டியலில் உள்ள மற்றவர்கள் வந்ததும் மாற்றாக இறங்கலாம். உடுப்பு மூட்டையும் அதே முதல் வாகனத்தில் வரவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

பவுல் வாங்கியும் காயப்பட்டும் ஆட்கள் குறைந்தால் நான்கு பேரோடும், மூன்று பேரோடும், இரண்டு பேரோடும்கூட ஆடலாம். ஒரே ஒருத்தி மிஞ்சினால்தான் ஆட்டம் முடிந்ததாகக் கொள்வார்கள். அப்போது எதிரணி முன்னுக்கு இருந்தால் இருக்கிற புள்ளி அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் 2க்கு 0 என்று எழுதுவார்கள். ஆனால் அந்தத் தோல்விக்கு அட்டவணையில் 1 புள்ளி உண்டு.